பழைய வாடிக்கையாளரின் லோகோ: தளத்தில் வைக்கும் முன்னும் வைத்த பின்னும்

தனியாளாகத் தொழில் செய்யும் ஒருவரிடம் முன்பின் தெரியாதவர் வேலை கொடுக்க வரும்போது, அவர் மனதில் முதலில் எழும் கேள்வி இதுதான்: இதற்கு முன் இவரை நம்பி யார் வேலை கொடுத்திருக்கிறார்கள்? பெரிய நிறுவனத்துக்கு அலுவலகம், ஊழியர்கள், தெருவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. வீட்டின் ஓர் அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் டிசைனருக்கோ, மொழிபெயர்ப்பாளருக்கோ, வெப் டெவலப்பருக்கோ அவை கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஃப்ரீலான்சர்கள் தங்கள் இணையதளத்தில் 'எங்கள் வாடிக்கையாளர்கள்' என்று தலைப்பிட்டு ஒரு லோகோ வரிசையை வைக்கிறார்கள்.

இந்த அத்தியாயம் அந்த வரிசையைப் பற்றியது. குறிப்பாக, வேலை முடிந்து கணக்கும் தீர்ந்துவிட்ட பழைய வாடிக்கையாளர்களைப் பற்றியது. இப்போது வேலை கொடுப்பவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம். பழையவர் விஷயம் அப்படியில்லை. அன்று சரி என்று சொன்ன மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், நிறுவனத்தின் பெயர் மாறியிருக்கும், சில நேரம் நிறுவனமே மூடப்பட்டிருக்கும். சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் முளைக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லோகோ அவர்களுடையது, வேலை உங்களுடையது. லோகோவை எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வையுங்கள். அனுமதி கிடைக்காவிட்டாலும் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. செய்த வேலையைத் தெளிவாக எழுதிக் காட்டத் தெரிந்தவருக்கு லோகோ இல்லாமலும் வேலை வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் லோகோவுக்குப் பாதுகாப்பு தரும் முதன்மையான சட்டம், 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். அதன் 29-ஆம் பிரிவு எவையெல்லாம் அத்துமீறல் என்று சொல்கிறது. அடுத்தவரின் பதிவு பெற்ற சின்னத்தை விளம்பரத்தில் போட்டு, நேர்மையான தொழில் வழக்கத்துக்கு மாறாக ஆதாயம் தேடுவதும், அதன் மதிப்பைக் குலைப்பதும் அதே பிரிவின் 8-ஆம் உட்பிரிவில் வருகின்றன. 30-ஆம் பிரிவு மறுபக்கத்தைச் சொல்கிறது. ஒரு பொருளோ சேவையோ இன்னாருடையது என்று அடையாளம் காட்ட மட்டும், நேர்மையான தொழில் வழக்கத்துக்கு உட்பட்டு அவருடைய சின்னத்தைக் குறிப்பிட்டால் அது அத்துமீறலாகாது.

ஆக, 'இந்த நிறுவனத்துக்கு நான் இந்த வேலையைச் செய்தேன்' என்று உண்மையை எழுத்தில் சொல்வதற்குச் சட்டத்தில் ஓரளவு இடம் இருக்கிறது. லோகோவைப் பளிச்சென்று முகப்பில் நிறுத்துவது அதைவிட ஒரு படி கூடுதலான செயல். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள இரண்டு வழக்குகள் உதவும்.

முதலாவது, குக்கர் மூடியில் போடும் காஸ்கெட் பற்றிய வழக்கு. முருகன் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் தன் காஸ்கெட் பாக்கெட்டின் மேல், இது ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கருக்குப் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது. அந்த வாசகத்தில் 'ஹாக்கின்ஸ்' என்ற சொல் மட்டும் சிவப்பு, மற்றவை கறுப்பு. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2012-இல் மேல்முறையீட்டு அமர்வு ஹாக்கின்ஸ் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. காஸ்கெட் பிற நிறுவனங்களின் குக்கர்களுக்கும் பொருந்தும்போது ஒரு பெயரை மட்டும் சொல்ல அவசியம் என்ன என்பதும், அந்தப் பெயரைத் தனி நிறத்தில் தூக்கிக் காட்டிய விதமும் அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டன. பெயரைச் சொல்வதில் மட்டுமல்ல, எவ்வளவு உரக்கச் சொல்கிறோம் என்பதிலும் சட்டத்துக்கு அக்கறை உண்டு.

இரண்டாவது அமெரிக்க வழக்கு. 'நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்' என்ற இசைக்குழுவின் பெயரைப் பத்திரிகைகள் வாசகர் வாக்கெடுப்பில் பயன்படுத்தியது பற்றியது. 1992-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்திரிகைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து மூன்று நிபந்தனைகளைச் சொன்னது. அந்தப் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை எளிதாக விளக்க முடியாததாக இருக்க வேண்டும். அடையாளம் காட்டத் தேவையான அளவு மட்டுமே சின்னத்தைப் பயன்படுத்த வேண்டும். உரிமையாளரின் ஆதரவு இருப்பதுபோல் தோன்றும் எதையும் செய்யக் கூடாது. இரண்டாவது நிபந்தனைக்கு நீதிமன்றம் காட்டிய உதாரணம் நமக்கு நேராகப் பொருந்துகிறது: போட்டிக் குளிர்பானக் கம்பெனி 'கோகோ-கோலா' என்ற பெயரைச் சொல்லி ஒப்பிடலாம், அதன் தனித்துவமான எழுத்து வடிவத்தை எடுத்துப் போட முடியாது. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் தவிர, தொழில்முறை நெறியும் இருக்கிறது. 1985-இல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலை ஆஸ்கி என்று அழைப்பார்கள். ஒரு நபரையோ நிறுவனத்தையோ அவர் அனுமதியில்லாமல் விளம்பரத்தில் குறிப்பிட்டு, நியாயமற்ற அனுகூலம் தேடக் கூடாது என்பது அதன் நெறிமுறை. கேட்டால் அனுமதிக் கடிதத்தைக் காட்ட வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் தளத்தின் முகப்புப் பக்கமும் ஒரு விளம்பரம்தான்.

லோகோவை வரைந்ததே நீங்கள் என்றால்?

டிசைனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் சுயமாக வேலை செய்பவர் படைத்த கலைப்படைப்புக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். அப்படி மாற்றிக் கொடுத்த பிறகும், 'இதைப் படைத்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு படைப்பாளரிடமே விட்டுவைக்கிறது.

ஆனாலும் அந்த லோகோவின் கீழ் வியாபாரம் நடத்துபவர் வாடிக்கையாளர். வணிகச் சின்னம் என்ற உரிமை அவருடையது. ஆகவே லோகோவை உங்கள் 'படைப்புகள்' பக்கத்தில், வரைந்த விதத்தை விளக்கி வைப்பது ஒன்று. அதையே 'எங்கள் வாடிக்கையாளர்கள்' வரிசையில் விளம்பரமாக நிறுத்துவது வேறு. முன்னதற்கு உங்களிடம் வலுவான வாதம் உண்டு. பின்னதற்கு மற்ற எல்லோரையும் போல நீங்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டுக்குமே ரகசியக் காப்பு ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய பேப்பர்களை எடுத்துப் பாருங்கள்

லோகோவை வைக்க நினைக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அன்று போட்ட ஒப்பந்தம், பர்ச்சேஸ் ஆர்டர், இமெயில் மூன்றையும் தேடி எடுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளையும் விடாமல் படியுங்கள். கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று.

ஒன்று, ரகசியக் காப்பு. செய்த வேலை மட்டும் ரகசியமா, வேலை கொடுத்தார்கள் என்பதே ரகசியமா என்று பாருங்கள். சம்பளக் கணக்கு, சட்ட ஆவணங்கள், கணினிப் பாதுகாப்பு போன்ற வேலைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒரு நிறுவனத்தின் சர்வரைப் பராமரிப்பவர் யார் என்று தெரிந்தால், அவர் பெயரில் போலி இமெயில் அனுப்பி ஏமாற்றுபவர்களுக்கு வழி கிடைத்துவிடும். மறுக்கும் வாடிக்கையாளரைக் கோபித்துக்கொள்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

இரண்டு, பப்ளிசிட்டி என்ற தலைப்பில் வரும் பிரிவு. 'முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் பெறாமல் எங்கள் பெயரையோ சின்னத்தையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் வேறு வாதத்துக்கு இடமில்லை. கையெழுத்துப் போட்டது நீங்கள்.

மூன்று, ஒப்பந்தம் முடிந்த பிறகும் எவையெல்லாம் நீடிக்கும் என்ற பிரிவு. வேலை முடிந்துவிட்டது, கட்டுப்பாடும் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் இதில் பரவலாக நடக்கும் தவறு. ரகசியக் காப்பு பல ஒப்பந்தங்களில் வேலை முடிந்து சில ஆண்டுகளுக்கு நீளும். சிலவற்றில் காலவரையே இருக்காது.

இனி நீங்கள் போடப்போகும் ஒப்பந்தங்களில் இதை முதலிலேயே தீர்த்துவிடுங்கள். இப்படி ஒரு பிரிவு போதும்:

'வேலை ஒப்படைக்கப்பட்ட பின், வாடிக்கையாளரின் பெயர், லோகோ, செய்த பணி பற்றிய சுருக்கமான குறிப்பு ஆகியவற்றைப் பணி செய்பவர் தன் இணையதளத்தில் வெளியிடலாம். வாடிக்கையாளர் எழுத்தில் கேட்டுக்கொண்டால் 7 நாட்களுக்குள் அவற்றை நீக்குவார்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று தெரிந்தால் தயங்குபவரும் சம்மதிப்பார்.

யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது

கேட்பதற்கு நல்ல நேரம் வேலையை ஒப்படைத்து, வாடிக்கையாளர் 'நன்றாக வந்திருக்கிறது' என்று சொல்லும் நாள். பில் பாக்கி நிற்கும்போது கேட்காதீர்கள். பணத்துக்கும் அனுமதிக்கும் முடிச்சுப் போட்டதுபோல் ஆகிவிடும்.

சிறிய நிறுவனத்தில் முதலாளியிடமே கேளுங்கள். பெரிய நிறுவனத்தில் உங்களிடம் வேலை வாங்கிய மேனேஜருக்கு அனுமதி தரும் அதிகாரம் பெரும்பாலும் இருக்காது. அவர் வழியாக மார்க்கெட்டிங் பிரிவுக்கோ சட்டப் பிரிவுக்கோ போங்கள். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால், அந்தப் பொறுப்பில் இப்போது இருப்பவருக்கு எழுதுங்கள். வாய்மொழியாகச் 'சரி, போட்டுக்குங்க' என்றால் நன்றி சொல்லிவிட்டு, அதையே இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு எழுத ஒரு மாதிரி:

'வணக்கம் சார். சென்ற ஆண்டு உங்கள் நிறுவனத்துக்கு ஏற்றுமதி கேட்டலாக் தயாரித்துக் கொடுத்தது நான்தான். என் இணையதளத்தைப் புதுப்பிக்கிறேன். அதில் உங்கள் நிறுவனத்தின் பெயரையும் லோகோவையும், “64 பக்கக் கேட்டலாக், வடிவமைப்பும் அச்சுக் கோப்பும்” என்ற குறிப்பையும் வைக்க உங்கள் அனுமதி வேண்டும். பக்கம் எப்படி இருக்கும் என்று படம் இணைத்திருக்கிறேன். விலையோ, உங்கள் பையர்களின் பெயரோ எதுவும் அதில் வராது. வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் எடுத்துவிடுகிறேன். சம்மதம் என்றால் இந்த மெயிலுக்கு ஒரு வரி பதில் போதும்.'

இந்தக் கடிதத்தில் எங்கே வைக்கப்போகிறோம், என்ன எழுதப்போகிறோம், என்ன எழுத மாட்டோம் என்ற மூன்றும் இருக்கின்றன. படமும் இருக்கிறது. பதில் சொல்பவர் யோசிக்க வேண்டிய வேலையை நீங்களே குறைத்துவிட்டீர்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள இங்கே இடமில்லை. வந்த பதில்களை ஒரே ஃபோல்டரில் நிறுவனப் பெயர், தேதி, அனுமதி தந்தவரின் பதவி ஆகியவற்றுடன் சேமித்து வையுங்கள்.

உண்மையில் அவர் யாருடைய வாடிக்கையாளர்?

ஏஜென்சி வழியாக வந்த வேலை என்றால், உங்களுக்குப் பணம் கொடுத்த ஏஜென்சிதான் உங்கள் வாடிக்கையாளர். பின்னால் இருக்கும் பெரிய பிராண்ட் அந்த ஏஜென்சியின் வாடிக்கையாளர். ஏஜென்சியின் சம்மதம் இல்லாமல் பிராண்டின் லோகோவைப் போட்டால், அடுத்த வேலை அங்கிருந்து வராது. ஏஜென்சி சம்மதித்தால், 'இன்ன ஏஜென்சிக்காக' என்று சேர்த்து எழுதுங்கள்.

திருப்பூரில் இந்தச் சிக்கல் இன்னொரு வடிவில் வரும். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு நீங்கள் போட்டோ எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஆடையின் கழுத்து லேபிளில் ஐரோப்பிய பிராண்டின் பெயர் இருக்கிறது. ஏற்றுமதியாளர் தன் லோகோவைப் போட அனுமதி தரலாம். அந்த ஐரோப்பிய பிராண்டின் பெயரைத் தர அவருக்கு உரிமை இல்லை. அந்த பையர் யார் என்பதே அவருடைய போட்டியாளர்களிடம் அவர் காத்துவரும் ரகசியமாகவும் இருக்கலாம். எனவே லேபிள் தெரியும் படங்களைத் தளத்தில் ஏற்றும் முன் பெரிதாக்கிப் பார்த்து, தெரிந்தால் வெட்டிவிடுங்கள்.

முன்பு சம்பளத்துக்கு வேலை பார்த்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். அந்த அனுபவத்தை 'என்னைப் பற்றி' பக்கத்தில், எந்த நிறுவனத்தில் என்ன பொறுப்பில் இருந்தீர்கள் என்று எழுதுங்கள். பயிற்சிக்காக நீங்களே ஒரு பிரபல பிராண்டுக்குப் போட்டுப் பார்த்த டிசைனும் இந்த வரிசையில் வரக் கூடாது. அது மாதிரி டிசைன் என்று வெளிப்படையாக எழுதி வேறு பக்கத்தில் வையுங்கள்.

கண்டிப்பாக வைக்கக் கூடாதவை

அரசுத் துறைக்கோ, நகராட்சிக்கோ, கல்வித் துறைக்கோ வேலை செய்திருந்தால் பெயரை எழுத்தில் மட்டும் எழுதுங்கள். 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மத்திய, மாநில அரசுகளின் சின்னங்களை மத்திய அரசின் அனுமதியின்றி வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அசோகரின் சிங்கச் சின்னத்துக்கு 2005-இல் தனிச் சட்டமே வந்தது. அதை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. தமிழ்நாட்டின் கோபுரச் சின்னத்துக்குள்ளேயே அந்தச் சிங்கம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வழக்கறிஞர்களுக்கு வேறு ஒரு தடை உண்டு. இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி விளம்பரத்தையே தடுக்கிறது. 2008-இல் வந்த திருத்தம் பெயர், தொடர்பு விவரம், பதிவு, கல்வித் தகுதி, பயிற்சித் துறை போன்ற சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் தர அனுமதித்தது. வாடிக்கையாளர் வரிசைக்கு அதில் இடமில்லை. உங்கள் தொழிலுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு இருந்தால் அதன் விதியை முதலில் படியுங்கள்.

தளத்தில் வைக்கும் விதம்

அனுமதி வந்துவிட்டது. லோகோவை கூகுள் படத் தேடலில் எடுக்காதீர்கள். பழைய லோகோவும் போலியும் அங்கேதான் கலந்து கிடக்கின்றன. வாடிக்கையாளரிடமே எஸ்விஜி கோப்பு கேளுங்கள், கூடவே அவர்களின் பிராண்ட் கைட்லைன் இருந்தால் அதையும் வாங்குங்கள். நிறத்தை மாற்றவோ, இழுத்து நீட்டவோ, நிழல் போடவோ வேண்டாம். எல்லா லோகோவையும் சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் பக்கம் அழகாகத் தெரியும் என்று தோன்றும். பல பிராண்டுகளின் விதி அதை அனுமதிப்பதில்லை. ஒற்றை நிற வடிவம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆறு முதல் எட்டு லோகோ போதும். தானாக ஓடும் பட்டையைத் தவிருங்கள். நகரும் பகுதி ஐந்து வினாடிக்கு மேல் ஓடினால் அதை நிறுத்த வசதி இருக்க வேண்டும் என்பது இணைய அணுகுதன்மை விதிகளில் ஒன்று. ஒவ்வொரு லோகோவுக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் பகுதியில் நிறுவனப் பெயரை எழுதுங்கள். பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். லோகோவைத் தட்டினால் நீங்கள் அவர்களுக்குச் செய்த வேலையின் பக்கம் திறக்கட்டும்.

தலைப்பில் உண்மை இருக்கட்டும். 'எங்கள் பங்குதாரர்கள்', 'எங்களை நம்பும் நிறுவனங்கள்' என்றால் இன்றும் தொடர்பு இருப்பதாக அர்த்தம் வரும். 'இதுவரை வேலை செய்துகொடுத்த நிறுவனங்கள்' என்பது பொருத்தம். ஒரே ஒரு நாள் பயிற்சி வகுப்பு எடுத்திருந்தால் 'ஊழியர் பயிற்சி, ஒரு நாள், 2023' என்று லோகோவுக்குக் கீழே எழுதுங்கள். அடிக்குறிப்பில் 'லோகோக்கள் அந்தந்த நிறுவனங்களுக்கு உரியவை' என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி அனுமதிக்கு மாற்றாகாது. வாடிக்கையாளரின் பாராட்டு வரியோடு அவர் பெயரையும் போட்டோவையும் போடுவதாக இருந்தால், அந்த நபரிடம் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். அவை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பேசும் தரவுகள்.

அனுமதி கிடைக்காவிட்டால்

பெயர் சொல்லாமல் வேலையை எழுதுங்கள். 'பிரபல ஏற்றுமதி நிறுவனம்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். குழந்தைகள் ஆடைக்கு 64 பக்கக் கேட்டலாக். போட்டோ ஷூட் முதல் அச்சுக் கோப்பு வரை ஐந்து வாரம். ஆங்கிலம், ஜெர்மன் இரண்டு பதிப்புகள்' என்று எழுதிப் பாருங்கள். படிக்கும் அடுத்த ஏற்றுமதியாளருக்கு உங்களால் என்ன முடியும், எத்தனை நாளில் முடியும் என்று தெரிந்துவிடுகிறது. லோகோ இந்தத் தகவலில் எதையும் தராது. ஒன்று மட்டும் கவனம்: விவரங்களைச் சேர்த்துக்கொண்டே போய், ஊரில் எல்லோரும் யாரென்று கண்டுபிடித்துவிடும் அளவுக்கு எழுதிவிடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை

லோகோ வரிசையை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. ஃபேஸ்புக் நிறுவனம் 2021-இல் மெட்டா ஆனது. ட்விட்டர் 2023-இல் எக்ஸ் ஆனது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. பழைய பெயரில் வேலை செய்தவர், லோகோவை எடுத்துவிட்டு 'அன்றைய விஸ்தாராவுக்காக' என்பதுபோல் எழுத்தில் குறிப்பதே சரி. இணைந்த நிறுவனத்தின் புதிய லோகோவைப் போட்டுக்கொள்ள பழைய அனுமதி செல்லாது. மூடப்பட்ட நிறுவனத்தின் லோகோவையும் எடுத்துவிடுங்கள், வேலையின் விவரம் இருக்கட்டும்.

வாடிக்கையாளர் எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றைக்கே எடுங்கள். தளத்தோடு நிற்காமல் லிங்க்ட்இன் பக்கம், பிஹான்ஸ், பிடிஎஃப் புரொஃபைல், விலைப்புள்ளியோடு அனுப்பும் அறிமுகப் பக்கம் எல்லாவற்றிலும் தேடி நீக்குங்கள். நீக்கியதும் 'எடுத்துவிட்டேன் சார்' என்று ஒரு வரி எழுதுங்கள். மரியாதையோடு முடித்துக்கொடுத்த இந்தச் சின்ன வேலைக்குப் பிறகு மறுபடியும் ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

1. தளத்தில் இப்போது இருக்கும் ஒவ்வொரு லோகோவுக்கும் எதிரே 'எழுத்தில் அனுமதி: உண்டு / இல்லை' என்று குறியுங்கள்.

2. 'இல்லை' என்று வந்தவற்றை இன்றே எடுத்துவிட்டு, மேலே உள்ள மாதிரிக் கடிதத்தை அனுப்புங்கள்.

3. அரசுச் சின்னம் இருந்தால் உடனே நீக்கிப் பெயரை எழுத்தில் எழுதுங்கள்.

4. ஏஜென்சி வழி வேலைகளையும் பழைய சம்பள வேலைகளையும் தனியாகப் பிரியுங்கள்.

5. அடுத்த ஒப்பந்தத்தில் அனுமதிப் பிரிவைச் சேருங்கள்.

6. ஒவ்வொரு வேலைக்கும் என்ன செய்தீர்கள், எவ்வளவு, எத்தனை நாளில் என்று மூன்று வரி எழுதுங்கள்.

இரண்டாவது வேலையைச் செய்து முடித்ததும் வரிசையில் இரண்டு லோகோதான் மிஞ்சுகிறது என்றால் தளர்ந்துவிடாதீர்கள். முழு மனதோடு அனுமதி தந்த இரண்டு பேரை, உங்களைப் பற்றி விசாரிக்க வரும் புதிய வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டால் அவர்கள் உங்களுக்காகப் பேசுவார்கள். கேட்காமல் எடுத்துப் போட்ட இருபது பேரில் ஒருவரும் பேச மாட்டார்.